நாற்காலி இல்லாத அறை

போன வாரம் பல் செட்டுக்காரரை நாம் ஒரு பொய்யோடு தனியாக விட்டுவிட்டு வந்தோம். நமக்குத்தான் அது ஒரு வாரம். அவருக்கு ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரியில் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை மனிதர். புரண்டு புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பல் செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் பட்டறையில் உட்கார்ந்து பல்லைச் செய்து கொடுப்பார். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஒரே மகள், பதினைந்து வயது. நடக்கப் பழகும்போதே கையில் பென்சில் இருந்ததால் வீட்டில், தெருவில், பள்ளியில் எல்லோருக்கும் அவள் 'பென்சில்'தான்.

அந்தப் பெண் இரண்டு மாதமாக ஒரு கோடுகூடப் போடவில்லை. பெரிய அரங்கு ஒன்றில், கூட்டத்துக்கு முன்னால், ஆளுயரத் துணியில் வரைந்துகொண்டிருந்தபோது அவள் கை பாதியில் நின்றுபோனது. அன்றைக்கு விலாவோடு ஒட்டிக்கொண்ட முழங்கை அப்புறம் பிரியவே இல்லை. சாப்பிடுவது, தலை வாருவது, கதவைத் திறப்பது எல்லாமே முழங்கைக்குக் கீழேதான் நடக்கிறது.

எலும்பு டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நரம்பு டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். பேசிச் சரி செய்கிறவர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பென்சில் முழு மார்க் வாங்குகிற மாதிரி பதில் சொன்னாள். என்ன சொன்னால் அவர் தலையாட்டுவார் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளே! கெட்டிக்காரப் பிள்ளைகளோடு இதுதான் தொல்லை. பாவம், அவரே கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "வாயால பேசினா உங்க பொண்ணு என்னையே ஏமாத்திடுவா. உடம்போட பேசுறவங்க ஒருத்தங்க இருக்காங்க, அங்க போங்க" என்று அனுப்பிவைத்தார்.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் அசைவுச் சிகிச்சை. அப்பாவுக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. "கையக் கால ஆட்டுறதுக்கு ஒரு டாக்டரா? அதுக்கு நம்ம வீட்டுல மின்விசிறியே போதுமே" என்று கேலி பேசிக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவில்தான் நேற்று அந்தப் போன் வந்தது. வெளியூரில், விடுதியோடு இருக்கும் பெரிய ஓவியப் பள்ளி. அங்கே பென்சிலுக்கு இடம் கிடைத்து நாளாகிறது. பள்ளி முதல்வர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சார், உங்க பொண்ணு வர்றாளா இல்லையா? இந்த இடத்துக்கு இன்னொரு பையன் காத்துக்கிட்டிருக்கான்."

"வர்றா சார்! கண்டிப்பா வர்றா! அவதான் சொல்லச் சொன்னா" என்றார் நம் முந்திரிக்கொட்டை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகிறவளிடமும் கேட்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம். நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடுறேன். அவ வாயால ஒரு தடவை கேட்டுட்டா முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த நாளைதான் இன்றைக்கு.

*

பட்டறையில் மேஜை நிறைய வெள்ளை மாவு அச்சுகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வாய். காலையிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை ஓடவே இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்.

உள்ளே இருந்தது பென்சிலின் பல் உறை. தூக்கத்தில் அவள் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்ததும், அப்பாவே அச்செடுத்துச் செய்து கொடுத்த பிளாஸ்டிக் உறை அது. முதலில் செய்ததைப் பத்தே நாளில் கடித்து ஓட்டை போட்டிருந்தாள். அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது வேறு யாருக்கும் தெரியாது.

இது இரண்டாவது. அசைவுச் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தபோது செய்தது. கழுவி மெருகு போட்டுத் தருகிறேன் என்று காலையில் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

விளக்குக்குக் கீழே பிடித்தார். திருப்பினார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஓரத்தில் நகக்கீறல் மாதிரி லேசான தடம். அதைத் தவிர ஒன்றுமில்லை. வழவழவென்று, செய்து கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

ஆயிரம் வாய்களின் கதையை அச்சில் படித்த மனிதருக்கு இது புரியாதா? பிள்ளை பல்லைக் கடிக்காமல் தூங்குகிறாள். மின்விசிறி என்று அவர் கிண்டல் செய்த அந்த வைத்தியம், டாக்டர்கள் யாரும் செய்யாததைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அடுத்த நொடியே நேற்றைய போன் ஞாபகம் வந்தது. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிற பிள்ளையை, மறுபடி ஒரு மேடையில் கொண்டுபோய் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாரே!

வெளியே ஹாரன் அடித்தது.

*

அம்மாவின் கார் ஊரறிந்த கார். கூரையில் பழகுநர் பலகை, உள்ளே இரண்டு பிரேக். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறவருக்கு ஒன்று. தினமும் காலையில் அதைக் குளிப்பாட்டித் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்வார் அம்மா. இந்த வாரம் வகுப்புகள் அதிகம், கழுவ நேரமில்லை. பழகும் மைதானத்துப் புழுதி முழுக்க அதன் மேலேயே இருந்தது.

"என்ன இது, மாவு பூசின மாதிரி இருக்கு?" என்றார் அப்பா, ஏறிக்கொண்டே. "என் பட்டறையே பரவாயில்ல போல."

"நாளைக்குக் காலையில கழுவப்போறேன். நீங்க கதவ மெதுவா சாத்துங்க. அந்தக் கண்ணாடி வேற இறங்காது. நேத்து வந்த ஆளு கைப்பிடியையே கையோட கழட்டிட்டாரு."

பின்சீட்டில் பென்சில், முழங்கைகளை விலாவோடு இடுக்கிக்கொண்டு, குளிரில் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். "உறையக் குடுங்கப்பா" என்று உள்ளங்கையை மட்டும் நீட்டினாள்.

"இந்தாடா கண்ணு. நல்லா... நல்லா இருக்கு." டப்பாவை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

இன்றைக்குப் பெற்றோரும் வர வேண்டும் என்று அசைவுச் சிகிச்சைக்காரர் சொல்லியிருந்தார். போகிற வழியிலேயே சொல்லிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். முதல் திருப்பம் தாண்டியது. இரண்டாவது திருப்பமும் தாண்டியது. தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... நேத்து ஒரு போன்..."

கார் குலுங்கிக்கொண்டு நட்டநடுத் தெருவில் நின்றது. பின்னால் வந்தவர் ஹாரனை அழுத்திக்கொண்டே திட்டினார்.

"ஏங்க! கால எடுங்க!" என்று அம்மா கத்தினார்.

அப்பா குனிந்து பார்த்தார். பயத்தில் சொல்லிக் கொடுக்கிறவருடைய பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

"அது தானா..."

"தானா எப்படிங்க மிதிபடும்? காலைத் தூக்கி மடியில வச்சுக்கங்க! யாரு போன் பண்ணாங்க?"

"யாரோ... ராங் நம்பர்."

இப்போது பொய் இரண்டாகிவிட்டது. அப்பா காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

*

ஒரு அச்சகத்துக்கு மேலே மாடியில் அந்த அறை. மரத்தரை, நான்கு ஜன்னல், நான்கு சுவர். அதைத் தவிர எதுவும் கிடையாது. கீழே இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிர்ந்தது. எங்கே உட்காருவது என்று அப்பா பேந்தப் பேந்த விழித்தார்.

"நாற்காலி கிடையாது சார்" என்று சிரித்தார் அசைவுச் சிகிச்சைக்காரர். ஆட்டக்காரி என்றால் கொடி மாதிரி இருப்பார் என்று அப்பா நினைத்திருந்தார். இவரோ நல்ல பருமன், ஒரு முழங்காலில் பட்டை வேறு கட்டியிருந்தார். பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். "உட்கார்ந்தா மூளை முன்னால வந்து நின்னுக்கும். இங்க வர்ற பசங்களுக்கு மூளை ஏற்கெனவே ஓவர்டைம் பாக்குது. ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

அப்பாவின் ஒரு சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அம்மா முறைத்தார்.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான்" என்றார் அக்கா. "யாரும் யாரையும் பாராட்டக்கூடாது. சூப்பர், பிரமாதம், சபாஷ், எதுவும் வேண்டாம். கை தட்டக்கூடாது. படம் பிடிக்கக்கூடாது."

"பாராட்டுறது நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான். ஆனா இங்க வர்றவங்க எல்லாருமே கெட்டிக்காரப் பசங்க. ஒருத்தன் சதுரங்கம், ஒருத்தி பாட்டுக்கு மெட்டுப் போடுவா. தவழ ஆரம்பிச்சதுலேருந்து எதைச் செஞ்சாலும் யாரோ கை தட்டியிருக்காங்க. இப்ப தெருவுல நடந்து போறப்பகூட, சரியா நடக்கிறோமான்னு உள்ளுக்குள்ள ஒரு ஆளு மார்க் போட்டுக்கிட்டே இருக்கான். அந்த ஆளுக்குப் பயந்துதான் உடம்பு கெட்டியாயிடுது. இங்க வந்து தப்பா நடக்கப் பழகுறாங்க. பெரிய ரகசியமெல்லாம் இல்ல."

தப்பாக நடக்க ஒரு பள்ளிக்கூடம்! அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பல் உறை ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டது.

அறையின் நடுவில் பென்சில் நின்றாள். அக்கா அவளுக்கு எதிரே போய் நின்றார். பென்சில் மூச்சு விட்டால் அவரும் விட்டார். அவள் தலை சாய்ந்தால் அவர் தலையும் சாய்ந்தது. கிண்டல் இல்லை, அவசரம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்பது போலத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கண்ணாடி அவளைக் குறை சொல்லவில்லை.

"இன்னிக்கு உடம்பு எவ்வளவு பெருசு?" என்று அக்கா கேட்டார்.

பென்சில் சுண்டுவிரலைக் காட்டினாள்.

"சரி, சுண்டுவிரலே ஆடட்டும்."

சுண்டுவிரல் ஆடியது. கீழே இயந்திரம் தடக் தடக் என்று ஓட, அந்தத் தாளத்தில் மற்ற விரல்களும் சேர்ந்துகொண்டன. அப்புறம் மணிக்கட்டு. அது காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது. பென்சில் கண்ணை மூடியிருந்தாள். முழங்கை விலாவை விட்டு ஒரு விரற்கடை விலகியது. இன்னும் கொஞ்சம் விலகியது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

"சூப்பர்டா என் தங்கம்!"

சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? சொன்னதோடு விட்டாரா, படபடவென்று கை வேறு தட்டினார். தட்டிய கை அப்படியே போனைத் தேடிப் பைக்குள் போய்விட்டது.

முழங்கை பட்டென்று விலாவில் ஒட்டிக்கொண்டது. பென்சில் கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

அம்மாவின் பாதம் தரையை அழுத்திக்கொண்டு நின்றது. "உங்களக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று பல்லைக் கடித்தார்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு மாதமாகக் காத்திருந்த ஒரு விரற்கடை. வந்ததும் வராததுமாக அதைத் தட்டிவிட்டாரே! பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. கீழே அச்சகம்தான் இருந்தது.

அக்கா திட்டவில்லை. "சார், இப்ப உங்க முறை" என்றார்.

"எனக்கா? எனக்கு ஆடவெல்லாம் வராது மேடம்."

"ஆட வேண்டாம். தினமும் செய்யுற வேலையக் காட்டுங்க. கருவி எதுவும் இல்லாம, சும்மா."

தப்பிக்க வழியில்லை. அப்பா நடு அறைக்குப் போனார். இல்லாத முக்காலியில் பாதி உட்கார்ந்தார். இல்லாத பல்லை இரண்டு விரலால் பிடித்தார். மெருகுச் சக்கரத்தில் பல்லை வைத்தால் ஒரு மயிரிழைகூட நடுங்கக்கூடாது. நடுங்கினால் பல் சக்கரத்திலிருந்து தெறித்துச் சுவரில் போய் விழும். அதனால் அந்தத் தொழிலில் கையை ஊன்றிக்கொள்வது எங்கே தெரியுமா? உடம்பிலேயேதான். அப்பா கழுத்தை உள்ளே இழுத்தார், மூச்சை நிறுத்தினார், இரண்டு முழங்கைகளையும் விலாவோடு இறுக்கிக்கொண்டார்.

சுவரைப் பார்த்து நின்ற பென்சில் மெல்லத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். தன் கையைக் குனிந்து பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "இது நான்."

குழந்தையாக இருந்தபோது அவள் வரைந்ததெல்லாம் பட்டறையில், அப்பாவின் முக்காலிக்குப் பக்கத்தில்தான். அம்மா வகுப்புக்குப் போய்விட, பிள்ளை இவரைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கூனி உட்கார்ந்து கிறுக்கும். 'பாரு, என்ன மாதிரியே ஆடாம அசையாம வேலை செய்யறா' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா பெருமை பேசியது அவருக்கே இப்போது காதில் விழுந்தது. பல்லுக்குப் பொருந்துகிற பிடி ஆளுயரப் படத்துக்குப் பொருந்துமா?

அப்பா நிமிரப் பார்த்தார். "கண்ணு, நான் வேணும்னு..."

"அசையாதீங்கப்பா" என்றாள் பென்சில். வந்து அவர் எதிரே, அதே முக்காலியில்லாத முக்காலியில், அதே மாதிரி உட்கார்ந்தாள். அப்பா கழுத்தை இழுத்தால் அவளும் இழுத்தாள். அப்பா மூக்கைச் சுருக்கினால் அவளும் சுருக்கினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே பல்லை மெருகு போட்டார்கள்.

"இப்ப பல்லு கொஞ்சம் பெருசாகட்டும்பா."

"எவ்வளவு பெருசு?"

"தேங்காய் அளவு."

தேங்காய்ப் பல்லை இரண்டு விரலில் பிடிக்க முடியுமா? அப்பா இரண்டு கையாலும் பிடித்தார்.

"இப்ப பீரோ அளவு."

"எந்த வாயிலடி வச்சுக்கப்போறான் இந்தப் பல்லுக்காரன்?" என்று அப்பா முனகினார். ஆனாலும் எழுந்து நின்று பீரோவைத் துடைத்தார்.

"இப்ப இந்த ரூம் அளவு! வேர் அந்த மூலையில, முனை ஜன்னல்ல. எல்லாமே அழுக்கு. தேய்ங்கப்பா!"

அப்பா தேய்த்தார். தலைக்கு மேலே எட்டித் தேய்த்தார், குனிந்து வேரைச் சுரண்டினார், ஓடிப் போய் முனையை ஊதினார். ஓட்டை சாக்ஸ் மரத்தரையில் வழுக்கியது. கையும் காலும் நாலு பக்கமும் போக, பொத்தென்று பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்தார்.

பென்சில் சிரித்தாள். புன்னகை இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் ஒரு சத்தம் வர, அவள் பத்து வயதில் சிரித்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஓடி வந்து அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். முழுக் கையையும் நீட்டினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை நேராக, தாராளமாக நீண்டிருந்தது அந்தக் கை.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். 'சூ' என்ற எழுத்து நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். வலிக்கிற அளவுக்குக் கடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க கால்" என்றார் அக்கா.

அம்மா குனிந்தார். வலது பாதம் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "ஐயோ, பிரேக்குல இருக்கேன்" என்றார் வெட்கத்தோடு. "வீட்டுலயும் இப்படித்தான். இவர் பேச ஆரம்பிச்சா கால் தானா போயிடும்."

"பொண்ணு நடந்தாலும் போகுதா?"

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பாதத்தை மெல்லத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் முழங்கால்வரை வலிப்பது தெரிந்தது.

இந்த நேரத்தைக் கெடுக்க யாருக்காவது மனசு வருமா? அப்பாவுக்கும் வரவில்லை. ஆனால் ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் அவள் போனைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியவரும். அது இதைவிடக் கொடுமை.

"கண்ணு, அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார், இன்னும் மூச்சு வாங்க. "ஓவியப் பள்ளியிலேருந்து நேத்து கூப்பிட்டாங்க. நீ வர்றேன்னு சொன்னதா சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் உங்கிட்டயே பேசுவாரு."

அம்மாவின் கால் மறுபடி பிரேக்குக்குப் போனது. "ராங் நம்பரா அது? ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? அவ ஒரு டம்ளரைத் தூக்கவே..."

"எனக்கும் தெரியும்மா. இடம் போயிடுமேன்னு பயந்துட்டேன். அவ கை சரியாயி வந்து பாக்கும்போது இடம் இல்லன்னா, அப்பவே ஏன் சொல்லலன்னு கேப்பாளேன்னு..."

பென்சிலின் கை விலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். பாதி வழியில் அது நின்றது.

"எனக்குப் போகணுமா வேண்டாமான்னே தெரியலப்பா" என்றாள். "அதை யாருமே கேக்கல. நானும் கேட்டுக்கல."

"நான் வேணா பேசி, முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"அதுவும் நீங்க சொல்றதுதானே?"

பென்சில் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். என்ன பதில் சொன்னால் இவர் தலையாட்டுவார் என்று அவள் தேடிய பழைய பார்வை அது. அக்கா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"போகலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஒண்ணு மட்டும் சொல்றேன். போன் வரும்போது உட்கார்ந்து பேசாத. நடந்துக்கிட்டே பேசு."

*

போன் வந்தது பாதி வழியில். அம்மா ஓரமாக வண்டியை நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து பென்சில் கையை நீட்டினாள். அப்பா போனைக் கொடுத்தார். கதவைத் திறந்துகொண்டு அவள் நடைபாதையில் இறங்கிவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நடந்தாள். பூட்டிய தையல் கடையிலிருந்து மின்கம்பம்வரை ஒரு நடை, அங்கிருந்து திரும்பி ஒரு நடை. காரைத் தாண்டும்போதெல்லாம் குரல் உள்ளே கேட்டது.

"ஆமா சார், நான்தான் பேசுறேன்..."

மின்கம்பம்.

"...அது அப்பா சொன்ன பதில் சார். என்னோடத நான் இன்னும் சொல்லல."

தையல் கடை. அப்பா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அம்மா இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கி உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"...கை இன்னும் முழுசா சரியாகல சார். எப்ப ஆகும்னு தெரியாது." கொஞ்சம் நின்றாள். மறுபடி நடந்தாள். "நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க பள்ளியில நாற்காலி இல்லாத ரூம் ஏதாவது இருக்கா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர்களுக்குக் கேட்கவில்லை.

"இல்ல சார், வரையறதுக்கு இல்ல. சும்மா ஓடறதுக்கு. உருள்றதுக்கு. யாரும் பாக்காம, யாரும் மார்க் போடாம... ஆமா சார், காலியா. வெறும் தரை போதும்."

பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். பென்சில் நடப்பதை நிறுத்திவிட்டு, அப்பாவின் பக்கத்து இறங்காத கண்ணாடிக்கு வெளியே சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கையின் விரல் புழுதிக் கண்ணாடியில் சும்மா தொட்டது.

தொட்ட விரல் நகர்ந்தது.

கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து கிளம்பி, வளைந்து, மேலே ஏறி, முழங்கையைத் தாண்டித் தோளையே தூக்கிக்கொண்டு உச்சிவரை போனது ஒரு கோடு. மறுபக்கம் குண்டாக இறங்கியது. கீழே இரண்டு வேர். வேருக்கு நுனியில் இரண்டு சாக்ஸ். ஒன்றில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கண்ணாடி கொள்ளாத ஒரு கடைவாய்ப் பல், கால் வழுக்கி, கையும் காலும் நாலு பக்கமும் போக விழுந்துகொண்டிருந்தது. தான் வரைகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் எங்கேயோ இருந்தது, காது போனில் இருந்தது.

அம்மா அப்பாவின் தோளைப் பிடித்து அமுக்கினார். பேசாதீங்க என்று அர்த்தம்.

அப்பா பேசவில்லை. போனும் எடுக்கவில்லை, அது அவளிடமே இருந்தது. தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை உருவினார். கண்ணாடிக்கு உள்பக்கம் தன் விரலை வைத்தார். வெளியே அவள் விரல் போன வழியிலேயே அவர் விரலும் போனது. மேலே போகும்போது முழங்கை தடுத்தது. விலாவை விட்டு அதைப் பிரித்துத் தூக்கினார். தோள்மூட்டு சொடக்கென்று சத்தம் போட்டது.

அந்தச் சத்தத்தில் பென்சில் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள், அதன் எதிரே உள்ளே இருந்த அப்பாவின் விரலைப் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

"சரி சார்," என்றாள் போனில். "வச்சிடறேன்."

காரில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

"அப்படி ஒரு ரூம் அங்க இல்லையாம்" என்றாள் கடைசியில். "இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லையாம். ஒரு வாரம் டைம் கேட்டிருக்காரு."

"உனக்கு ஒரு வாரம் டைம் குடுத்திருக்காரா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. அவரு கேட்டிருக்காரு. இப்ப பதில் சொல்ல வேண்டியது அவருதான்."

அப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் இன்னொரு பையனுக்கு இடம் போய்விட்டால் என்ற பயமும் கூடவே வந்தது. ஆனால் அவர் கால் பிரேக்கில் இல்லை. நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மா கால்களை இறக்கி வண்டியைக் கிளப்பினார். தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு விளக்கையும் தாண்டும்போது புழுதிப் பல் ஒரு தரம் பளிச்சென்று தெரிந்து மறைந்தது.

"அம்மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்குக் கார் கழுவாதீங்க."

"ஏன்டி?"

"இன்னும் முடிக்கல."